ஒரு பாயின்ட், ஒரு பச்சைக்கல்

"அத்தை, பெட்டி காலி."

மேல்மாடியில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை, கையைத் துடைக்காமலே ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். பேசியது ஒரு மாடி கீழே, முதல் மாடியில் குடியிருக்கும் அண்ணன் மகள். வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். பேச ஆரம்பித்தால் மூச்சு வாங்கத்தான் நிறுத்துவாள். இன்று மூன்றே வார்த்தையில் நிறுத்திவிட்டாள். அதுவே சரியில்லை.

"எந்தப் பெட்டி?"

"சேலையில குத்தற புரோச் இருந்த பெட்டி. நாளைக்கு ரிசப்ஷன் கேக் உச்சியில வைக்கணும்னு பொண்ணு வீட்ல கொடுத்தாங்களே, பச்சைக்கல் மயில். வெல்வெட் இருக்கு, மயில் பறந்துடுச்சு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பொண்ணோட அம்மாதான் ஃபோன் பண்ணி, கேக் மேல வெச்சு ஒரு படம் அனுப்புன்னாங்க. லைன்ல இருக்கும்போதே பெட்டியத் திறந்தேன். வாய் தவறி 'ஐயோ'ன்னுட்டேன். கிளம்பி வந்துக்கிட்டு இருக்காங்க. அதுக்குள்ள ஊரெல்லாம் ஃபோன் போட்டு, கேக்காரி திருடிட்டான்னு சொல்லியாச்சாம். அத்தை, இது என் முதல் கல்யாண ஆர்டர். இதோட போச்சு, இனிமே எவளும் என்கிட்ட பர்த்டே கேக்கூட வாங்க மாட்டா."

"அழறதுக்கு அப்புறம் நேரம் ஒதுக்கிக்கலாம். நான் வர்ற வரைக்கும் சாப்பாட்டு ரூம்ல எதையும் தொடாதீங்க. ஒரு ஸ்விட்ச்கூட."

அத்தை குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு அவள் கைக்கு வந்த ஒரே வழக்கு, மாடிக்கொடியில் காணாமல் போன ஒரு துண்டு. குற்றவாளி காற்று. அதனால் படியிறங்கும்போது முழங்கால் வலித்ததா என்று கேட்டால் அவளுக்கு ஞாபகம் இருக்காது.

மாலை 5.50.

சாப்பாட்டு ரூம் என்று சொல்வது மரியாதைக்கு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஜன்னலே இல்லாத ஒரு சதுரம். ஹால் பக்கம் கனத்த திரை, சமையலறைப் பக்கம் கதவு. வீட்டைக் கட்டியவர் மின்சார விஷயத்தில் கருமி. கூரை நடுவில் ஒரே ஒரு லைட் பாயின்ட், அதற்குக் கதவோரம் ஒரே ஒரு ஸ்விட்ச், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு ப்ளக். அவ்வளவுதான். சுவரில் ஒரு ஓட்டை விழுந்தாலும் அடுத்த நாளே காலி பண்ணச் சொல்லிவிடுவேன் என்பது அவர் போட்ட கண்டிஷன். புது ஒயர் இழுக்கும் பேச்சுக்கே இடமில்லை. அந்த ஒற்றைப் பாயின்ட்டில் என்ன விளக்கு மாட்டுவது என்று ஒரு மாதமாக இந்த வீட்டில் பட்டிமன்றம் நடக்கிறது. நடுவர்தான் இல்லை.

அத்தை திரையை விலக்கினாள். அறை முழுக்க ஒரே சிவப்பு.

"என்னடி இது, அந்தக் காலத்துல ஃபோட்டோ கழுவற ரூம் மாதிரி?"

"உங்க மாப்பிள்ளை கைங்கரியம். கலர் மாறுற பல்பாம். இது 'அந்தி'யாம்."

மேசை நடுவில் மூன்றடுக்கு கேக். சுற்றிலும் கொடி, கொடியில் ரோஜா, ரோஜாவுக்கு நடுவே இலைகள். பக்கத்தில் அந்தச் சின்ன வெல்வெட் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அத்தை கேக்கைச் சுற்றி வந்தாள். "நல்லாத்தான் பண்ணியிருக்கே. ஆனா கல்யாணத்துக்கு எதுக்குடி கறுப்பு இலை?"

"கறுப்பா? பச்சை அத்தை. கிளிப்பச்சை. உட்கார்ந்து உட்கார்ந்து கலர் கலந்திருக்கேன். இந்த லைட்டு என் இலையக் கொன்னுடுச்சு."

"சரி. பெட்டி எப்படி வந்துச்சு, சொல்லு. உன் வழக்கப்படி இல்லாம சுருக்கமா."

பெட்டியைக் கொண்டுவந்தது மணப்பெண்ணின் சித்தி. ஐந்து மணி சுமாருக்கு வந்தாள். அண்ணன் மகள் அப்போது சமையலறையில் இருந்தாள், இரண்டு கையிலும் முழங்கை வரை ஐசிங்.

"'கை கழுவிட்டு வாங்கிக்கறேன்க்கா'ன்னேன். 'நீ வேலையப் பாரும்மா, நான் மேசை மேல வெச்சுட்டுப் போறேன்'னாங்க. ஓவன் சூடு பட்டா கேக் உருகிடும்னு நடுக் கதவை எப்பவும் சாத்தியே வெச்சிருப்பேன். சாத்திட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே கதவைத் தட்டி, வெச்சாச்சும்மான்னாங்க. ஒரு டிஷ்யூ பேப்பர் கேட்டாங்க, கொடுத்தேன். மூக்குக்கண்ணாடிய அதுல சுத்திப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க."

"பெட்டிய நீ திறந்து பார்க்கலை?"

"பார்க்கலை அத்தை." அவள் குரல் தரையில் விழுந்தது. "கை பூரா ஐசிங்."

ஹாலில் தடதடவென்று சத்தம். அண்ணன் மகளின் கணவன் உள்ளே வந்தான். கழுத்தில் துணி சுற்றிய நீள ஒயர் மாலை மாதிரி தொங்கியது, கையில் ஒரு பிரம்புக் கூடை விளக்கு. பின்னாலேயே லைட் கடைத் தம்பி, தோளில் ஒரு பெரிய பை.

அண்ணன் மகளின் கணவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஆப் வேண்டும். தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்த ஒன்று, குடித்ததைப் பாராட்ட ஒன்று.

"மாப்பிள்ளை, இந்தச் சிவப்பை எப்பப் போட்டே?"

"தம்பி வந்ததும் போட்டேன் அத்தை. அந்தக்கா வர்றதுக்கு முன்னாடி. போட்ட கையோட ஃபோன்ல சார்ஜ் செத்துப்போச்சு. வேன்ல சார்ஜ் போட்டுக்கிட்டே இந்தத் தொங்கு விளக்கையும் எடுத்துட்டு வரலாம்னு ரெண்டு பேரும் கீழே போனோம். அவங்க படியேறி வந்தாங்க, வணக்கம் சொன்னோம்."

"போனவங்க இப்பத்தான் வர்றீங்க."

"எது நல்லதுன்னு கொஞ்சம் பேச்சு நீண்டு போச்சு," என்றான் லைட் தம்பி.

"இப்ப ஃபோன் உயிரோட இருக்கா?"

"எங்கே. வேன் சார்ஜரே ரிப்பேர். இன்னும் பிணம்தான்." ஃபோனை எடுத்துக் காட்டினான்.

"வேற யார் ஃபோன்லயாவது இந்த விளக்கை மாத்த முடியுமா?"

"முடியாது. இவ ஃபோன்ல இடமே இல்ல, பூரா கேக் படம். அப்பா ஃபோன்ல பட்டன்தான் இருக்கு."

"சுவர்ல இருக்கிற ஸ்விட்ச்?"

அவன் முகத்தில் ஒரு மாத வேதனை தெரிந்தது. "அதைத் தொடக் கூடாதுன்னுதான் அத்தை கரடியாக் கத்தறேன். பல்பு எப்பவும் கரன்ட்லயே இருக்கணும். சுவர்ல அணைச்சா ஆப் பேச்சைக் கேக்காது. திரும்பப் போட்டா, போட்ட கலர் எல்லாம் மறந்துட்டுப் பளிச்சுனு வெள்ளையில வந்து நிக்கும். அப்பாகிட்ட இதைச் சொல்லிப் புரிய வைக்கறதுக்கு..."

"ஸ்விட்ச்சுன்னு இருந்தா அணைக்கறதுக்குத்தான்," என்று பால்கனியிலிருந்து ஒரு குரல் வந்தது.

அது சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா. பேப்பரை மடக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். அவர் ஒரு அறையை விட்டு வெளியே வந்தால் அந்த அறை இருட்டாகிவிடும். உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பது அடுத்த விஷயம். ஒருமுறை குளியலறையில் மகனை இருட்டில் விட்டுவிட்டு, அவன் கூப்பாடு போட்டதற்கு, "கண்ணை மூடிக்கிட்டுத்தானே சோப்பு போடறே" என்று சமாதானம் சொன்னவர்.

மகன் அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்பதாக நினைத்து எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான். "அப்பா, நீங்க எதையாவது எடுத்துப் பத்திரமா வெச்சீங்களா? போன தடவை கார் சாவிய அரிசி டப்பாவுல வெச்ச மாதிரி?"

"நான் அந்தப் பக்கமே போகலைடா. மத்தியானத்துல இருந்து பால்கனியில இருக்கேன்."

"யார் பார்த்தது?" என்றாள் அத்தை.

சம்பந்தி அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். "என்ன சம்பந்தியம்மா கேள்வி இது? நான் உள்ளே போய்ட்டு வந்திருந்தா அந்த லைட் இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருக்குமா?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருட சர்வீஸில் இவ்வளவு கெட்டியான சாட்சியை அவள் பார்த்ததில்லை.

மாலை 6.10.

மணப்பெண்ணின் அம்மா செருப்பைக் கழற்றும்போதே சண்டையைத் தொடங்கிவிட்டாள். பின்னாலேயே சித்தி. அக்கா நெடுநெடுவென்று, கல்யாண வீட்டுச் சாவிக்கொத்து இடுப்பில் குலுங்க வந்தாள். தங்கை அமைதி. மூக்குக்கண்ணாடியைத் தலைமுடிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தாள், கைப்பை வயிற்றோடு, இரண்டு கையும் கைப்பை மேல்.

"ஏழு மணி வரைக்கும் பார்ப்பேன்," என்றாள் அக்கா. "அதுக்கு மேல நான் போலீஸ் ஸ்டேஷன்ல இருப்பேன்."

"நான் அங்கேதான் முப்பது வருஷம் இருந்தேன். பெஞ்சு அவ்வளவு வசதியா இருக்காது," என்றாள் அத்தை. "இங்கே சோபாவுல உட்காருங்க."

அக்கா உட்கார்ந்தாள். ஆனால் அவள் கண் லைட் தம்பியின் பை மேல் போய் நின்றது. "இது யாரு? வெளி ஆளா? அப்ப அந்தப் பையைக் கொட்டச் சொல்லுங்க முதல்ல."

தம்பியின் முகம் சுண்டிப்போனது. பையை ஹால் நடுவில் கவிழ்த்தான். பல்புகள், ஒயர்கள், காந்தம் வைத்து ஒட்டும் சின்னச் சின்ன விளக்குகள். ஒன்று உருண்டு சம்பந்தியின் காலடியில் போய் நின்று தானாகவே எரிந்தது. அவர் குனிந்து அணைத்தார்.

"இதெல்லாம் என்ன தம்பி?" என்றாள் அத்தை, அவனுக்கு மூச்சு விட ஒரு இடம் கொடுப்பது மாதிரி.

"ஒயர் இழுக்க முடியாத வீட்டுக்கு மூணு வழிதாம்மா. இருக்கிற ஹோல்டர்லயே கலர் பல்பு. இல்லேன்னா ப்ளக்ல சொருகி ஒயரைக் கூரையோரமா ஒட்டிக் கொண்டுவந்து தொங்கவிடற விளக்கு. இல்லேன்னா இந்த ஒட்டு விளக்கு, சார்ஜ் பண்ணிக்கலாம். எது நல்லதுன்னு சார்கூடப் பேசிக்கிட்டு இருந்தேன். மேலே கூப்பிடற வரைக்கும் வேனை விட்டு நகரலை."

"ரெண்டு பேரும் ஒண்ணாவே இருந்தீங்க?"

"சார் என் சட்டையப் பிடிக்காத குறைதான்."

"அவங்க வர்றப்ப நீங்க போயாச்சு. பெட்டி வந்தது அதுக்கு அப்புறம். ம்." அத்தை சித்தி பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க சொல்லுங்கம்மா. பெட்டியக் கொண்டுவந்தது நீங்கதானே?"

"ஆமா."

"வழியில எங்கேயும் நிறுத்தலை?"

"இல்லை. கார்ல நேரா வந்தேன்."

"உள்ளே வந்தப்ப ரூம்ல வேற யாரு?"

"யாரும் இல்லை. இந்தப் பொண்ணு சமையல்கட்டுல இருந்துச்சு. கதவைச் சாத்திக்கிச்சு. திரையும் மூடியிருந்துச்சு. ஒரே சிவப்பு வெளிச்சம். எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"பெட்டிய அப்படியே வெச்சுட்டுக் கிளம்பிட்டீங்களா?"

"அதெப்படி? எங்க அம்மாவோட நகை." அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "திறந்து பார்த்துட்டுத்தான் வெச்சேன். மயிலோட நெஞ்சுல அந்தக் கல்லு பச்சைப் பசேல்னு ஜொலிச்சுது. இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. அப்புறம் மூடி, கேக் பக்கத்துல வெச்சேன்."

"கேக்கையும் பார்த்தீங்க?"

"பார்க்காம? நல்லாத்தான் இருந்துச்சு. இந்தக் கறுப்பு இலைதான் எனக்கு..."

"என்னது?" அக்கா சோபாவிலிருந்து எழுந்தேவிட்டாள். "கறுப்பு இலையா? கல்யாண கேக்குல கறுப்பு இலையா போட்டு வெச்சிருக்கே? நான் பச்சைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"பச்சைதாம்மா போட்டிருக்கேன்," அண்ணன் மகள் அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னாள். "இந்த மனுஷன் மாட்டின லைட்டுல கறுப்பாத் தெரியுது. என் வேலையில மட்டும் குறை சொல்லாதீங்க. நகைய எடுத்தேன்னு வேணா சொல்லிக்குங்க, இலை கறுப்புன்னு சொல்லாதீங்க."

"அடிப்பாவி, நகைய எடுத்தேன்னு நீயே சொல்லாதடி," என்றான் கணவன்.

அக்கா ஒரு பக்கம், அண்ணன் மகள் ஒரு பக்கம், நடுவில் அவள் கணவன். இலை பச்சையா கறுப்பா என்று ஹால் அல்லோலகல்லோலப்பட்டது. அத்தை மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். முழங்கால் வலி இப்போது நன்றாகத் தெரிந்தது. வழக்கு முடியும்போதுதான் அவளுக்கு அது தெரியும்.

சித்தியின் கைப்பையில் ஃபோன் அடித்தது. எடுக்கப் பையைத் திறந்தாள். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பேரைப் பார்த்தாள், கட் செய்தாள். கண்ணாடி மறுபடி தலைக்கு மேல் போயிற்று. திறந்த பைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கெட்டியான மூக்குக்கண்ணாடிக் கூடு ஒரு நொடி தெரிந்து மறைந்தது.

"எல்லாரும் கொஞ்சம் எழுந்து உள்ளே வாங்க," என்றாள் அத்தை. "கேக்கு எல்லாருக்கும் பொதுச்சொத்து. நேராவே பார்த்துடலாம். சம்பந்தி, நீங்களும் வாங்க. உங்ககிட்ட ஒரு வேலை இருக்கு."

மாலை 6.30. சாப்பாட்டு ரூம்.

ஏழு பேர் நிற்க இடம் போதவில்லை. திரையை மூடினார்கள். சிவப்பு எல்லோர் முகத்திலும் ஒட்டிக்கொண்டது.

"இலை என்ன கலர்?" என்று அத்தை அக்காவைக் கேட்டாள்.

"கறுப்பு. நல்ல கறுப்பு. இதைத்தான் சொன்னேன்."

"இப்ப சம்பந்தி, நீங்க வெளியே போங்க."

"எதுக்கு?"

"சும்மா போங்க."

சம்பந்தி தோளைக் குலுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனார். சமையலறைக்குள் கால் வைக்கும்போது அவர் கை தன் பாட்டுக்குச் சுவரோரம் போயிற்று.

டக்.

கும்மிருட்டு.

"அப்பா," என்று மாப்பிள்ளை இருட்டில் முனகினான்.

"அவரைத் திட்டாதே. நான் கேட்டதைத்தான் செஞ்சாரு. இப்ப நீயே அந்த ஸ்விட்சைப் போடு."

டக். பளிச்சென்று வெள்ளை வெளிச்சம். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். மேசை மேல் வெள்ளைக் கேக், சிவப்பு ரோஜா. இலைகள் எல்லாம் இப்போதுதான் மழையில் நனைந்தது மாதிரி கிளிப்பச்சையாக நின்றன.

"நான் சொன்னேன்ல," என்றாள் அண்ணன் மகள்.

அக்கா குனிந்து ஒரு இலையைக் கிட்டத்தில் பார்த்தாள். "இது எப்படி?"

"சிவப்பு வெளிச்சத்துக்குப் பச்சையக் காட்டத் தெரியாது. பச்சையா இருக்கிறது எதுவும் அதுல கறுப்பாத்தான் தெரியும். இலையும் சரி." அத்தை காலிப் பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "கல்லும் சரி."

எல்லோர் கண்ணும் பெட்டிக்குப் போயிற்று.

"இடையில யாராவது இந்த ஸ்விட்சைத் தொட்டிருந்தா நான் வந்தப்ப விளக்கு வெள்ளையா இருந்திருக்கும். மாப்பிள்ளை ஃபோன் செத்துப்போனதால வேற வழியிலயும் மாத்த முடியாது. இந்தம்மா வந்தப்பவும் சிவப்பு, நான் வந்தப்பவும் சிவப்பு. அதுக்கு என்கிட்ட வேற சாட்சியே வேண்டாம், அவங்களே சொன்னாங்க. சிவப்பு வெளிச்சம்னாங்க, கறுப்பு இலைன்னாங்க. உள்ளதைத்தான் சொன்னாங்க, ஏன்னா அதைக் கண்ணால பார்த்தாங்க. அதே மேசையில, அதே விளக்குல, பக்கத்துலயே இருந்த கல்லு மட்டும் பச்சைப் பசேல்னு ஜொலிச்சுதாம். எப்படி ஜொலிக்கும்? பார்த்திருந்தா, 'ஐயோ, கல்லு கறுத்துப் போச்சே'ன்னு அலறியிருப்பாங்க. பார்க்கலை. பெட்டி வரும்போதே காலி. அம்மாவோட நகை, சின்ன வயசுல இருந்து பார்த்த கல்லு. அதனால கேட்டதும் ஞாபகத்துல இருந்து எடுத்துச் சொல்லிட்டாங்க. ஞாபகத்துல பச்சை பச்சையாவே இருக்கும்."

அக்கா மெதுவாகத் தங்கை பக்கம் திரும்பினாள். "என்கிட்டயே பச்சைப் பொய் சொன்னியா?"

"அதேதான்," என்றாள் அத்தை. "வெறும் பொய்யா சொல்லியிருந்தா எனக்குக் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆயிருக்கும். பச்சைப் பொய் சொன்னதால மாட்டிக்கிட்டாங்க."

சித்தி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என்கிட்ட இல்லை."

"கண்ணாடிக் கூட்டைத் திறங்கம்மா."

"எதுக்கு?"

"கெட்டியான கூடு பையிலயே இருக்கு. ஆனா கண்ணாடி, வந்தப்ப டிஷ்யூ பேப்பர்ல போகுது, இப்ப தலை மேல போகுது. சொந்தக் கூட்டுல அதுக்கு இடம் இல்லைன்னா, வேற யாரோ குடி வந்திருக்காங்கன்னு அர்த்தம். கல்யாண வீடு, மூலைக்கு மூலை சொந்தக்காரங்க. ஒளிச்சு வைக்க உங்களுக்கு இடம் கிடைச்சிருக்காது."

சித்தி கைப்பையை மேசை மேல் வைத்தாள். பிறகு பையைத் திறந்தாள். கூடு 'டப்' என்று திறந்தது. சாம்பல் துணிக்கு மேல் மயில் உட்கார்ந்திருந்தது. நெஞ்சில் அந்தக் கல். வெள்ளை வெளிச்சத்தில், அவள் சொன்ன மாதிரியே, பச்சைப் பசேலென்று.

"அம்மா எனக்குத்தான் தர்றேன்னாங்க," என்றாள்.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமேடி."

"கேட்டேன். அம்மா தவறின வருஷமே கேட்டேன். 'பார்க்கலாம்'னே. உன் பொண்ணு நிச்சயதார்த்த ஃபோட்டோவுல நீ போட்டுக்கிட்டு நின்னே. இப்ப உன் பொண்ணு கேக்கு. கடைசியில நான் அதைத் தூக்கிக்கிட்டு வந்து கொடுக்கற ஆளாயிட்டேன்."

அக்கா சாவிக்கொத்தை வெறுமனே தடவிக்கொண்டிருந்தாள்.

சித்தி அண்ணன் மகளைப் பார்த்தாள். "பழி உன் தலையில விழும்னு நான் யோசிக்கலைம்மா."

"யோசிச்சிருப்பீங்க," என்றாள் அத்தை. குரலில் காரம் இல்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. "யார் தலையிலயாவது விழணும்னு தெரியும். நமக்குச் சொந்தம் இல்லாத தலைன்னு நினைச்சிருப்பீங்க."

சித்தி தலைகுனிந்தாள்.

"புகார் கொடுக்கணுமா வேண்டாமான்னு இவதான் சொல்லணும்," என்று அத்தை அண்ணன் மகளைக் காட்டினாள். "நஷ்டம் இவளுக்குத்தான்."

அண்ணன் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்குப் புகார் எல்லாம் வேண்டாம். வர்ற வழியில யார் யாருக்கெல்லாம் ஃபோன் போட்டு நான் திருடிட்டேன்னு சொன்னீங்களோ, அவங்க எல்லாருக்கும் இப்ப இங்கேயே உட்கார்ந்து ஃபோன் போடுங்க. அப்புறம் அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை. அவர் பையக் கொட்ட வெச்சீங்க."

அக்கா முதலில் தம்பியிடம் போனாள். மன்னிப்பு கேட்டுப் பழக்கம் இல்லாதவள். அதனால் நேராக ஹாலுக்குப் போய்க் கீழே குனிந்து பல்புகளைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தாள். தம்பி பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "எல்.இ.டி.ம்மா, மெதுவா" என்றான். பிறகு ஃபோன் வேலை தொடங்கியது. அது ஏழு மணிக்கும் முடியவில்லை. எட்டுக்கும் முடியவில்லை. தப்பாகப் பேசும்போது இத்தனை பேரிடம் பேசியிருக்கிறோம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஃபோனிலும் "நகை நம்ம கையிலேயேதான் இருந்துச்சு, என் புத்திதான் கெட்டுப்போச்சு" என்றாள். தங்கை பேரைச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை, ஐந்தாவது ஃபோனுக்கு மேல் தாங்காமல், அதைக் கையிலிருந்து வாங்கி, "தப்பு என்னோடது" என்று தானே சொன்னாள்.

மறுநாள் ரிசப்ஷனில் மயில் கேக் உச்சியில் உட்கார்ந்தது. இலைகளைப் பார்த்து, இவ்வளவு பச்சையா எப்படிக் கொண்டுவந்தே என்று நாலு பேர் கேட்டார்கள். நாலு பேரில் இரண்டு பேர் ஆர்டர் கொடுத்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் பட்டிமன்றத்துக்கும் தீர்ப்பு வந்தது. நடுவர் அத்தை. கலர் பல்பு இருக்கலாம், ஆனால் கேக் மேசையில் இருக்கும்போது பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளைதான் எரிய வேண்டும், 'அந்தி'க்கு மாப்பிள்ளை வெளியே போய் நிஜ அந்தியைப் பார்த்துக்கொள்ளட்டும். தொங்கு விளக்கு அழகுதான், ஆனால் ப்ளக்கை ஃப்ரிட்ஜிடமிருந்து பிடுங்க முடியாது. சுவர் ஸ்விட்சுக்கு மேல் லைட் தம்பி ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டுவிட்டான். பக்கத்திலேயே, ஓட்டை போடாமல், பின்னால் பசை வைத்த ஒரு பேட்டரி ஸ்விட்சை ஒட்டினான்.

"இது யாருக்கு?" என்றார் சம்பந்தி.

"உங்களுக்குத்தான் சார். இதை அழுத்தினா லைட் அணையும். ஆனா கரன்ட் போகாது, ஆப்பும் கோவிச்சுக்காது."

"நிஜமாவே அணையுமா? இல்ல, என்னை ஏமாத்தறதுக்கா?"

"நிஜமாவே அணையும்."

அவர் அதைச் சந்தேகத்தோடு தடவிப் பார்த்தார்.

எல்லோரும் புது வெளிச்சத்தில் மேசையைச் சுற்றி டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மகளின் ஃபோனில் ஒரு படம் வந்தது. சித்தி. தோளில் மயில். பின்னால் அக்கா, தங்கையின் தோளில் கை வைத்து, கொஞ்சம் கோணலாகச் சிரித்துக்கொண்டு. கீழே ஒரு வரி: 'அக்கா கொடுத்துட்டா. உங்க அத்தைகிட்ட காட்டும்மா. வெள்ளை லைட்டில் எடுத்தது.'

"காட்டு, காட்டு," என்று அத்தை கண்ணாடியைத் தேடினாள்.

சம்பந்தி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவைத் தாண்டும்போது கை தானாகப் புது ஸ்விட்சுக்குப் போயிற்று.

டக்.

அறை இருண்டது. மேசை நடுவில் ஃபோன் மட்டும் எரிந்தது, அதில் அந்தக் கல்.

"இப்பப் பச்சையா ஜொலிக்குதுன்னு சொன்னா, நான் நம்பறேன்," என்றாள் அத்தை இருட்டில்.